பக்கம் புரளாத புத்தகம்

கேள்வி:

டீச்சர், நான் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் தரம் 7 க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். நியமனம் கிடைத்து இரண்டு வருடமாகிறது. வகுப்பில் 34 பிள்ளைகள். ஒரு பயிற்சி வகுப்பில் வாசிப்புப் பட்டறை என்ற முறையைப் பற்றிச் சொன்னார்கள். பிள்ளைகள் தாங்களே புத்தகத்தைத் தெரிவுசெய்து வகுப்பு நேரத்திலேயே வாசிக்க வேண்டுமாம். ஆசையோடு தொடங்கினேன். வாரத்தில் ஐந்து பாடவேளையில் இரண்டை ஒதுக்கினேன். முதல் வாரம் நன்றாகப் போனது. மூன்றாவது வாரம் பார்த்தால் பாதிப் பேர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறார்கள், பக்கம் புரளவேயில்லை. ஆறு பேருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கவே கஷ்டம். சத்தம் முழுக்க அவர்கள் பக்கம்தான். வாசித்து முடித்தவர்களைச் சுருக்கம் எழுதச் சொன்னேன், பின்னட்டையைப் பார்த்து எழுதித் தருகிறார்கள். அலுமாரியில் கிடைத்த புத்தகமும் 60 தான். 'பாடத்திட்டம் முடியுமா தம்பி?' என்று அதிபர் கேட்கத் தொடங்கிவிட்டார். நிறுத்திவிடலாமா?

ஓர் ஆசிரியர், மட்டக்களப்பு மேற்கு வலயம்

பதில்:

அன்பின் தம்பி,

நிறுத்த வேண்டாம். ஆனால் இப்போது போகிற மாதிரியே கொண்டுபோகவும் வேண்டாம். அப்படிக் கொண்டுபோனால் ஆறாவது வாரத்தில் அது தானாகவே நின்றுவிடும்.

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விபரமாக எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் வாசிக்கிற நேரத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது மட்டும் அதில் இல்லை. ஊகித்துச் சொல்கிறேன்: மேசையில் இருந்து கொப்பி திருத்துகிறீர்கள். இடையிடையே நிமிர்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்கிறீர்கள். கோபிக்காதீர்கள், நானும் அதைத்தான் செய்தேன்.

எட்டாம் ஆண்டு வகுப்பொன்றில் நான் முதன்முதல் இதைச் செய்து பார்த்த வருடம், வகுப்பு அவ்வளவு அமைதி. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு பாடவேளைக்குள் ஒரு கட்டுக் கொப்பி திருத்தி முடித்துவிடுவேன். தவணை முடிவில் பதிவேட்டைப் புரட்டினால், ஒரு பிள்ளை ஒரே புத்தகத்தை ஐந்து தரம் எடுத்திருக்கிறாள். கூப்பிட்டுக் கேட்டேன். 'அதிலதான் படம் கூட டீச்சர்' என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஒரு தவணை முழுக்க அவள் படம் பார்த்திருக்கிறாள், நான் கொப்பி திருத்தியிருக்கிறேன்.

இது எனக்கும் உங்களுக்கும் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் இந்த விடயத்தைக் கிண்டிப் பார்த்திருக்கிறார்கள். வழிகாட்டல் எதுவும் இல்லாமல் பிள்ளைகளை மௌனமாக வாசிக்க விடுவதால் மட்டும் வாசிப்பு முன்னேறுகிறது என்று சொல்வதற்கு அவர்களுக்குப் போதிய சான்று கிடைக்கவில்லை. அதே அறிக்கை, பக்கத்தில் ஒருவர் இருந்து திருத்திக் கொடுக்க, ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பச் சத்தமாக வாசிப்பது பலன் தருகிறது என்கிறது. இந்த இரண்டாவது விஷயம் உங்கள் ஆறு பேருக்கும் வேண்டியது, பிறகு வருகிறேன்.

பட்டறை என்ற சொல்லையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தச்சுப் பட்டறையில் பெரிய மேசன் மூலையில் இருந்து கணக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டார்... பாருங்கள், மேசன் என்று எழுதிவிட்டேன், ஆசாரி என்று சொல்ல வேண்டும். ஆசாரி எழும்பி நடப்பார். பழகுகிற பையன் உளி பிடிக்கிற விதத்தைப் பக்கத்தில் நின்று பார்ப்பார். ஒரு சொல் சொல்வார், அடுத்தவனிடம் போவார். இந்த முறையைப் பரவலாக்கியவர்களில் ஒருவரான நான்சி அட்வெல் என்ற அமெரிக்க ஆசிரியை நடுநிலை வகுப்புக்குப் படிப்பித்தவர். 1987 இல் வந்த அவரது நூலால்தான் நிறைய ஆசிரியர்கள் இதற்குள் வந்தார்கள். 2015 இல் உலக ஆசிரியர் பரிசு முதன்முதல் வழங்கப்பட்டபோது அவருக்குத்தான் கிடைத்தது. பத்து இலட்சம் டொலரையும் தன் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டார். அவருடைய வகுப்பறை நூலகத்தைப் பார்த்து நாங்கள் பெருமூச்சு விடலாம். ஆனால் அவர் பிள்ளைகளுக்கு நடுவில் நடந்து திரிந்ததற்குக் காசு தேவைப்படவில்லை.

சரி, 40 நிமிடத்தை எப்படிப் பிரிப்பது? புத்தகம் கைக்குப் போய்ச்சேர மூன்று நிமிடம். ஏழு நிமிடம் நீங்கள் ஒரேயொரு சின்ன விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள். 25 நிமிடம் வாசிப்பு. கடைசி ஐந்து நிமிடம் இரண்டு மூன்று பிள்ளைகள் எழும்பித் தாங்கள் கண்டதைச் சொல்லட்டும். ஏழு நிமிடப் பாடம் இருபது நிமிடமாக இழுபடுவதுதான் எல்லோருக்கும் நடக்கிற பிழை. தமிழாசிரியருக்குக் கேட்கவே வேண்டாம், நாங்கள் கதைக்கத் தொடங்கினால் மணியடித்தாலும் நிற்காது. ஒரு பிள்ளையிடம் கைக்கடிகாரத்தைக் கொடுத்து, ஏழாவது நிமிடம் மேசையில் தட்டச் சொல்லுங்கள். சந்தோஷமாகச் செய்வார்கள்.

அந்தச் சின்னப் பாடத்துக்கு ஓர் உதாரணம். கரும்பலகையில் 'ஓடிக்கொண்டிருந்தபோது' என்று எழுதுங்கள். ஏழாம் ஆண்டுப் பிள்ளை தடுக்கி விழுகிற இடங்களில் ஒன்று இது. எழுத்து எல்லாம் தெரியும், ஆனால் சொல் நீளமாக இருப்பதால் நடுவில் மூச்சு விட்டுவிடுவான். கையால் பின்பக்கத்தை மறைத்து 'ஓடி' என்பதை மட்டும் காட்டுங்கள். கையை நகர்த்தினால் 'கொண்டு', அப்புறம் 'இருந்த', அப்புறம் 'போது'. பிள்ளைகளையும் தங்கள் விரலால் மறைத்து மறைத்து வாசிக்கச் சொல்லுங்கள். 'இண்டைக்கு உங்கட புத்தகத்தில இப்பிடி நீளமான சொல் ஒண்டு கண்டால், பிரிச்சு வாசிச்சுப்போட்டு எனக்குக் காட்டுங்க' என்று சொல்லி விட்டுவிடுங்கள். அவ்வளவுதான் பாடம். இன்னொரு நாள், உரையாடலில் யார் கதைக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது. இன்னொரு நாள், கதை விளங்காமல் போனால் எந்த இடத்துக்குத் திரும்பிப் போவது. இவற்றுக்கெல்லாம் தனி ஆயத்தம் வேண்டியதில்லை. முதல் நாள் பிள்ளைகளிடம் போய் இருந்தபோது எங்கே தடுக்கினார்கள் என்று கண்டீர்களோ, அதுவே அடுத்த நாள் பாடம்.

இப்போது அந்த 25 நிமிடம். உங்கள் கதிரையைக் கைவிடுங்கள். சின்ன ஸ்டூல் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பிள்ளையின் வாங்கிலேயே ஓரமாக இருங்கள். நின்றுகொண்டு குனிந்து கேட்டால் அது விசாரணை மாதிரி இருக்கும், பிள்ளை வாயைத் திறக்காது.

எனக்கு ஞாபகத்தில் நிற்கிற ஒரு பையன் இருக்கிறான். மூன்று நாளாக ஒன்பதாம் பக்கத்திலேயே நின்றான். நான் போய்ப் பக்கத்தில் இருந்து, 'எதில நிக்கிறாய் மனே? எனக்கும் ஒருக்கா வாசிச்சுக் காட்டு' என்றேன். வாசித்தான். எழுத்தில் தடுமாற்றமே இல்லை. 'அவன் பெஞ்சில் அமர்ந்து பஜ்ஜியைத் தின்றான்' என்ற வரி வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

'பெஞ்சு எண்டா என்ன டீச்சர்?'

'நீயும் நானும் இப்ப இருக்கிறம், இதுதான். வாங்கு.'

'அப்ப ஏன் வாங்கு எண்டு எழுதல்ல?'

நியாயமான கேள்வி. அந்தப் புத்தகம் சென்னையில் அச்சானது. பஜ்ஜியை விளங்கப்படுத்த வாய்ப்பனில் தொடங்கி வடைக்குப் போய் ஒருமாதிரிச் சமாளித்தேன். ஒரு பக்கத்தில் இப்படி ஐந்தாறு சொல் இருந்தால், எழுத்தெல்லாம் தெரிந்த பிள்ளையும் கதைக்கு வெளியே நிற்கும். எங்கள் பாடசாலை அலுமாரிகளில் இருப்பதில் கணிசமானவை இந்தியப் பதிப்புகள். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தமிழ் எத்தனை ஊரில் எத்தனை விதமாக இருக்கிறது என்பதைப் பிள்ளை பிறகு ரசிக்கும். முதல் புத்தகமே அதுவாக இருந்தால் பாவம், தனக்கு வாசிக்கத் தெரியாது என்று நினைத்துவிடும்.

அவனிடம் கேட்டேன், சனி ஞாயிறு என்ன செய்வாய் என்று. வாப்பாவோடும் வலையோடும் வாவிக்குப் போவானாம். அடுத்த நாள் வாவியில் முதலை பிடிபட்ட செய்தி வந்த பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றை மட்டையில் ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூன்று தரம் வாசித்தான். நான்காவது தரம் பக்கத்துப் பையனுக்கு வாசித்துக் காட்டினான். செய்தியில் இருந்த நீளம் பிழை, தான் கண்ட முதலை அதைவிடப் பெரிது என்று ஒரு வாதமும் செய்தான். அவனோடு அன்றைக்கு நான் செலவழித்தது நாலு நிமிடம் இருக்கும்.

உங்கள் வகுப்பில் பக்கம் புரளாமல் இருக்கிறவர்களில் பெரும்பாலானோர் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். சோம்பல் என்று எழுதிவிடாதீர்கள். கையில் இருப்பது அவர்களுக்குரிய புத்தகமில்லை. தெரிவுசெய்யச் சொன்னீர்கள், எப்படித் தெரிவுசெய்வது என்று சொல்லிக் கொடுத்தீர்களா? ஆங்கில வகுப்புகளில் ஐந்து விரல் கணக்கு ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து வாசி, தெரியாத சொல்லுக்கு ஒவ்வொரு விரலாக மடக்கு, ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். நான் தமிழுக்கு மூன்று விரலோடு நிறுத்திக்கொள்வேன். எங்கள் ஒரு சொல்லுக்குள் ஆங்கிலத்தின் மூன்று சொல் அடங்கிக் கிடக்கும். இதே காரணத்தால்தான், ஒரு நிமிடத்தில் இத்தனை சொல் வாசிக்க வேண்டும் என்ற ஆங்கில அட்டவணையை இணையத்தில் எடுத்து எங்கள் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது என்பேன். போன மாதத்து அந்தப் பிள்ளையோடு இந்த மாதத்து அந்தப் பிள்ளையை ஒப்பிட்டால் போதும்.

அப்புறம், பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம் என்று பகிரங்கமாக அறிவியுங்கள். இருபது பக்கம் வாசித்துப் பார், பிடிக்காவிட்டால் கொண்டுவந்து வை, ஏன் பிடிக்கவில்லை என்று ஒரு வசனம் சொல். முதல் வாரம் எல்லோரும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், வகுப்பு பஸ் ஸ்டாண்ட் மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், இரண்டு வாரத்தில் அடங்கும்.

பக்கத்தில் போய் என்ன கேட்பது என்று கேட்பீர்கள். 'இந்தக் கதையின் கருப்பொருள் யாது?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எதில நிக்கிறாய்?', 'இப்ப என்ன நடக்குது?', 'இதில எந்த இடம் விளங்கல்ல?' இந்த மூன்றில் ஒன்று போதும். அரைப் பக்கம் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். இடையில் திருத்தப் பறக்காதீர்கள். பிள்ளை தானே திரும்பி வந்து திருத்துகிறதா என்று பாருங்கள், அது பெரிய அறிகுறி. எழும்பும்போது ஒரேயொரு விஷயத்தைச் சொல்லுங்கள். ஒரு சின்னக் கொப்பி வைத்திருங்கள், ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். திகதி, புத்தகம், பக்க இலக்கம், நீங்கள் கண்டது ஒரு வரி. 'பக். 14. மேற்கோள் குறி வந்தால் ஆள் மாறுவது பிடிபடவில்லை.' இவ்வளவு போதும்.

இதில் கணக்கு ஒன்று இருக்கிறது, மறைக்கவில்லை. ஒருவருக்கு நாலு நிமிடம் என்றால் 25 நிமிடத்தில் ஆறு பேர். வாரம் இரண்டு பாடவேளையில் பன்னிரண்டு. உங்கள் ஆறு பேரை ஒவ்வொரு வாரமும் பார்க்க வேண்டும், மிச்சம் ஆறு இடம், 28 பிள்ளைகள். ஒரு பிள்ளையிடம் நீங்கள் திரும்பிப் போக ஐந்து வாரம் ஆகும். அதற்குள் அது ஒன்பதாம் பக்கத்தில் தூங்கிவிடும். மூன்றாவது பாடவேளை ஒன்று கிடைத்தால் இரண்டு வாரத்துக்குச் சற்றுக் கூடுதலான நாளில் ஒரு சுற்று வந்துவிடலாம். அதை எங்கே எடுப்பது என்று அதிபர் விஷயத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த ஆறு பேர். தரம் 7 இல் எழுத்துக்கூட்டத் தெரியாது என்றால் எல்லோருக்கும் ஒரே வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். ஒவ்வொருவராக இருத்தி ஐந்து நிமிடம் சோதியுங்கள். 247 எழுத்தையும் கேட்கத் தேவையில்லை. கெ, கே, கை, கொ, கோ வரிசையை மூன்று நான்கு மெய்களோடு எழுதிக் காட்டுங்கள். எழுத்துக்கு முன்னால் கொம்பு வரும், ஓசை பின்னால் வரும். இந்த முரணில்தான் பல பிள்ளைகள் சிக்கிக்கொள்கிறார்கள். 'கொ' வைக் 'கெ' என்றும் தனி அரவு என்றும் உடைத்து வாசிக்கிற பிள்ளையை ஐந்தாம் ஆண்டு தாண்டியும் கண்டிருக்கிறேன். அடுத்தது து, தூ, நு, நூ, ணு, ணூ மாதிரி ஒழுங்கில்லாமல் உருமாறுகிற எழுத்துகள். இவை மட்டும்தான் குறை என்றால் ஒரு மாதத்தில் சரிக்கட்டலாம். எழுத்துத் தெரிந்தும் ஊர்ந்து ஊர்ந்து வாசிக்கிற பிள்ளைக்கு வேண்டியது வேறு. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிற பிள்ளைக்கு வேண்டியது கண்ணாடியாக இருக்கலாம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை வரும்வரை காத்திராமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

ஊர்ந்து வாசிக்கிறவர்களுக்குத்தான் அந்தத் திரும்பத் திரும்ப வாசிப்பு. சின்னப் பந்தி, ஐந்தாறு வரி. நீங்கள் ஒருதரம் வாசித்துக் காட்டுங்கள், சேர்ந்து ஒருதரம், அவன் தனியாக மூன்று தரம், வாரம் முழுக்க அதே பந்தி. எந்தப் பந்தி என்பதில்தான் சூட்சுமம். படுவான்கரையில் இருக்கிறீர்கள், உங்கள் கையில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. அந்த ஆறு பேரில் யாராவது கூத்தில் ஆடுகிறானா என்று விசாரியுங்கள்.

என்னிடம் ஒருவன் இருந்தான். தமிழ்ப் புத்தகத்தில் ஒரு வரி ஒழுங்காக வராது. ஆனால் ஊரில் வடமோடிக் கூத்துப் பழகுகிறார்கள், கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இவனுக்கும் சட்டம், அதாவது அவன் ஆளுக்குரிய பாட்டும் பேச்சும், கொடுத்திருக்கிறார். தன் வரவுப் பாட்டை ஒரு சொல் பிசகாமல் பாடுவான், அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்டுப் பாடமாக்கியது. சட்டக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். பழைய சிஆர் கொப்பி, ஓரமெல்லாம் எண்ணெய் பிடித்திருந்தது. 'பாடு, பாடப் பாட விரலை வை' என்றேன். முதல் வரியில் பாட்டு முடிந்தும் விரல் பாதியில் நின்றது. அவனுக்கே சிரிப்பு. இரண்டாம் நாள் பாட்டை மெதுவாக்கிக்கொண்டான். நாலைந்து நாளில் விரலும் பாட்டும் ஒன்றாக வரி முடிவுக்கு வந்தன. பிறகு நான் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு 'இது என்ன?' என்றால், ஆரம்பத்தில் வரியை முதலிலிருந்து முணுமுணுத்து வந்து சொல்வான். கொஞ்ச நாளில் முணுமுணுக்காமலே சொன்னான். வாயில் இருந்த சொல்லுக்குக் கண்ணில் உருவம் கிடைத்துவிட்டது. கூத்தாடாத பிள்ளைக்கு? அவன் வாயால் ஒரு கதையைச் சொல்லச் சொல்லி நீங்கள் எழுதுங்கள். யானை வந்து வேலியை முறித்த கதை எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். 'பிறகு' என்பதை அவன் 'மறுகா' என்று சொன்னால் 'மறுகா' என்றே எழுதுங்கள். தன் சொல் எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்கிறபோது அந்த முகத்தைப் பாருங்கள்.

இந்த ஆறு பேருக்கு மூன்றாம் நான்காம் ஆண்டு மட்டத்துப் புத்தகம்தான் பொருந்தும், ஆனால் பெரிய எழுத்துப் பாப்பாப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பில் இருக்க எந்தப் பன்னிரண்டு வயதுப் பையனும் சம்மதிக்க மாட்டான். சத்தம் போடுவதற்கு அதுவும் ஒரு காரணம். வகுப்பில் உள்ள எல்லாப் புத்தகத்துக்கும் பிரவுண் பேப்பரில் உறை போடுங்கள். எல்லாமே ஒரே மாதிரி இருக்கும், யார் என்ன வாசிக்கிறார் என்று பக்கத்து வாங்குக்குத் தெரியாது.

சுருக்கம் எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். நீங்கள் ஒரு நாவலை வாசித்து முடித்ததும் யாராவது வந்து 'இதன் சாரத்தை நூறு சொற்களில் எழுதுக' என்றால் அடுத்த நாவலை எடுப்பீர்களா? பின்னட்டையைப் பார்த்து எழுதிய பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்றே நான் சொல்வேன். எழுத்தில் ஏதும் வேண்டுமென்றால் இரண்டு வாரத்துக்கு ஒருதரம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதட்டும், ஏழெட்டு வரி: என்ன வாசிக்கிறேன், எந்த இடத்தில் சிரித்தேன், எந்த ஆளைப் பிடிக்கவில்லை. நீங்கள் இரண்டு வரி பதில் எழுதுங்கள். சிவப்புப் பேனையை அந்தக் கொப்பியில் வைக்காதீர்கள்.

60 புத்தகம் குறைவு என்று கவலைப்படுகிறீர்கள். தொடக்கத்துக்குக் காணும். அந்த அலுமாரி அநேகமாகப் பூட்டித்தான் இருந்திருக்கும். கணக்கெடுப்பில் ஒன்று குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஒக்டோபர் வந்தால் தேசிய வாசிப்பு மாதம் என்று 'வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும்' பதாகையைக் கட்டி ஊர்வலம் போவோம், வந்து அலுமாரியைப் பூட்டுவோம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931 இல் நூலகத்துக்கு ஐந்து விதி எழுதினார், முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். உங்கள் கையெழுத்தில் பொறுப்பெடுத்து, இரண்டு மாணவரைப் பதிவேட்டுக்குப் போடுங்கள். இரண்டு மூன்று புத்தகம் தொலையும். தொலையட்டும், யாரோ வீட்டில் வைத்து வாசிப்பார்கள்.

கூட்டுவதற்கு வழி இருக்கிறது. பிரதேச சபை நூலகரிடம் நேரில் போய்க் கதையுங்கள். தவணைக்கு ஒரு பெட்டி இரவல் தரக்கூடியவர்களைக் கண்டிருக்கிறேன், கடிதம் அனுப்பினால் பதில் வராது, போய் நின்றால் நடக்கும். பிரதம் புக்ஸ் நிறுவனத்தின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் வாசிப்பு மட்டம் வாரியாகப் பிரித்து இலவசமாகக் கிடைக்கின்றன, அச்சிட்டுக்கொள்ள அனுமதியும் உண்டு. ஏ4 தாளை மடித்து நடுவில் ஸ்டேப்ளர் அடித்தால் புத்தகம். எங்கள் எழுத்தாளர்களின் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் 2005 இலிருந்து இயங்குகிற 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் கிடைக்கும். அவற்றில் பிள்ளைகளுக்கு ஏற்றதை நீங்கள்தான் தேடி எடுக்க வேண்டும், ஒரு போயா நாள் அதில் போய்விடும். பத்திரிகையில் கிரிக்கெட் பக்கத்தை வெட்டி மட்டையில் ஒட்டினால் பின்வாங்குக்காரர் அடிபடுவார்கள். அதுவும் வாசிப்புத்தான்.

அதிபர். அவர் கேட்டது பிழையில்லை, அவருக்கும் மேலே பதில் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஒருமுறை என் வகுப்புக்கு மேற்பார்வைக்கு வந்த ஒருவர், பிள்ளைகள் எல்லோரும் குனிந்து வாசிப்பதையும் நான் ஒரு வாங்கின் ஓரத்தில் இருப்பதையும் பார்த்துவிட்டு, 'பாடம் தொடங்கவில்லையா?' என்று கேட்டார். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. பிறகுதான் யோசித்தேன், அவர் பார்ப்பதற்கு என்று நான் எதுவும் வைத்திருக்கவில்லையே. நீங்கள் அந்தச் சின்னக் கொப்பியோடு போங்கள். பாடத்திட்டத்தில் வாசிப்பும் கிரகித்தலும் தேர்ச்சிகளாகவே இருக்கின்றன. கிரகித்தலுக்கு இப்போது என்ன செய்கிறோம்? பந்தியைக் கொடுத்து ஐந்து வினாவுக்கு விடை எழுதச் சொல்கிறோம், கெட்டிக்காரர் எழுத மற்றவர் பார்த்து எழுதுகிறார்கள். 'சேர், அந்தக் கிரகித்தல் பாடவேளையைத்தான் மூன்றாவதாக இதற்குத் தாருங்கள். ஒரு தவணை பாருங்கள். தவணைப் பரீட்சையில் கிரகித்தல் புள்ளி இறங்கினால் நானே நிறுத்துகிறேன்' என்று கேளுங்கள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்கும் அந்தக் குறிப்புகளையே காட்டலாம். எத்தனை புத்தகம் வாசித்தாய் என்று எண்ணி மட்டும் புள்ளி போடாதீர்கள். போட்டால் எல்லோரும் மெல்லிய புத்தகமாகத் தேடுவார்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வேளாண்மை வெட்டுக் காலத்தில் உங்கள் வகுப்பில் பாதி வாங்கு வெறுமையாகத்தான் இருக்கும். அந்த வாரம் பட்டறையை ஒத்திவைக்கத் தேவையில்லை. போகிற பிள்ளைகளிடம் இரண்டிரண்டு புத்தகமாகக் கொடுத்து அனுப்புங்கள், வயல்வாடியில் மத்தியானம் வாசிக்க நேரம் கிடைக்கும். சொப்பிங் பையில் சுற்றிக் கொடுங்கள். எப்படியும் ஒன்றிரண்டு சேறு பட்டுத்தான் திரும்பி வரும். வெயிலில் காயவைத்து, புது உறை போட்டு, வரிசையில் வைத்துவிடுங்கள்.